என் தோலைப் பார்த்த டாக்டர் யார்?

(புக்கிட் செந்தோசாவில் மூத்தோருக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில், மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரத்த அழுத்தம் பார்க்க இன்னும் வரிசை இருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னார். உங்கள் பெயரைக் கூப்பிட்டால் தாராளமாக எழுந்து போய்விட்டு வாருங்கள். நான் பேசிக்கொண்டிருக்கிறேனே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை, மிஸ்ஸியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள். டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்வதும், நீங்கள் தமிழில் சொல்வதை அவருக்குப் புரிய வைப்பதும் என் வேலை. அதனால் எந்த மருந்து நல்லது, எந்தக் களிம்பு பூசலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தோல் சிகிச்சைக்கு வருகிற நம் ஆட்கள் என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி அது.

"ஏம்மா, சதையைக் கிள்ளி எடுத்தாங்களே, அதை யாரு பார்த்தா? அந்த டாக்டரை நான் ஒரு வாட்டி பார்க்க முடியுமா?"

இதைக் கேட்டுவிட்டு உடனே, "சும்மாதான் கேட்டேன், விடும்மா" என்றும் சொல்லிவிடுவார்கள். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல. என்னைக் கேட்டால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. மிகவும் நியாயமான கேள்வி.

உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கோலா சிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், கெர்லிங், களும்பாங் பக்கம் என்று பால் மரத்திலும் செம்பனையிலும் வேலை செய்துவிட்டு இந்தத் தாமான்களுக்கு வந்தவர்கள். தோட்டத்தில் காலில் புண் என்றால் டிரஸ்ஸரிடம் போவீர்கள். அவரே பார்ப்பார், அவரே கழுவுவார், அவரே ஊதா மருந்து போட்டுக் கட்டுவார். ஆறவில்லை என்றால் அவரே திட்டுவார். பார்த்தவர், முடிவு சொன்னவர், மருந்து போட்டவர் எல்லாம் ஒரே ஆள். அவர் வீடு எது என்றுகூட உங்களுக்குத் தெரியும்.

இப்போது அப்படி இல்லை. சுகாதார கிளினிக்கில் ஒரு டாக்டர் பார்க்கிறார். அவர் கடிதம் எழுதி, பெரிய மருத்துவமனையின் தோல் நிபுணரிடம் அனுப்புகிறார். அங்கே இன்னொரு டாக்டர் சதையை எடுக்கிறார். பிறகு அந்தச் சதை எங்கோ போகிறது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்து ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. உங்கள் நோய்க்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஆனால் உங்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை. அவர் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

அவரை மலாயில் பக்கார் பாத்தோலொகி என்பார்கள். தமிழில் நோயியல் நிபுணர். இந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை என்பதால், "பூதக்கண்ணாடியில் பார்க்கிற டாக்டர்" என்றுதான் நான் சொல்வது வழக்கம். அவரும் முழு டாக்டர்தான். மருத்துவம் படித்து முடித்து, அதன் பிறகு இதற்கென்றே மேலும் சில ஆண்டுகள் படித்தவர். ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குழாய்களை அடுக்கி வைக்கிறவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு வேலை, வேறு ஆட்கள். இந்தத் துறை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1900ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் நோயியல் ஆய்வுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். இன்றைக்கு ஐ.எம்.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான் அது.

சரி, அந்தச் சதைக்கு என்ன ஆகிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும் என்பது என் அனுபவம்.

முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி சுருக்கென்று இருக்கும். அதற்குப் பிறகு வலி தெரியாது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஒரு மிளகு அளவு தோலை வட்டமாக எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். "சதையை வெட்டி எடுத்தார்கள்" என்று நாம் சொல்லும்போது கேட்கிறவருக்கு ஆட்டுக்கறி நினைவு வருகிறது. மிளகு அளவு என்று சொல்லுங்கள். சில நேரம் சந்தேகப்படுகிற மச்சத்தையோ கட்டியையோ முழுசாக எடுக்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை டாக்டர் முன்னாலேயே சொல்லிவிடுவார்.

எடுத்ததை ஃபார்மலின் என்ற திரவத்தில் போட்டு, குப்பியின் மேல் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒட்டுவார்கள். அந்த நேரத்தில், "என் பெயர் சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். முனியம்மாள் என்ற பெயரில் ஒரே நாளில் இரண்டு பேர் வருகிற ஊர் இது. பிறகு ஆய்வுக்கூடத்தில் அதை மெழுகில் பதிய வைத்து, மிக மெல்லிய ஏடாகச் சீவுவார்கள். எவ்வளவு மெல்லியது என்றால், ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவு. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பால் மரத்தில் பட்டை சீவிய கைக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆழமாகப் போனால் மரம் போச்சு, மேலாகச் சீவினால் பால் வராது, இல்லையா? இங்கேயும் சீவுகிற கை சரியாக இருந்தால்தான் பார்க்கிற கண்ணுக்கு ஏதாவது தெரியும்.

சீவிய ஏட்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு சாயம் ஊதா, இன்னொன்று இளஞ்சிவப்பு. அந்த ஊதாச் சாயம் முதன்முதலில் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. துணிக்குப் போட்ட சாயம்தான் பிறகு டாக்டர்களின் கைக்கு வந்தது. பூஞ்சை இருக்கிறதா, தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேறு வேறு சாயங்கள் உண்டு. "ஒரு சதையைப் பார்க்க ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்கிறீர்களே, இதுதான் காரணம். முதல் சாயத்தில் தெளிவாகவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது என்று போக வேண்டியிருக்கும். தாமதமானாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை.

சிலருக்கு இரண்டு இடத்தில் எடுப்பார்கள். வயதானவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்போடு பெரிய பெரிய கொப்புளம் வருகிற ஒரு நோய் உண்டு. நம் வீடுகளில் இதைப் பார்த்துவிட்டு அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அம்மனை வேண்டிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அறுபது, எழுபது வயதுக்கு மேல் கொப்புளம் வந்தால் கிளினிக்குக்கும் போய்விடுங்கள். இந்த நோய்க்கு ஒரு துண்டு ஃபார்மலினில் போகும், இன்னொரு துண்டு ஃபார்மலின் இல்லாமல் வேறு சோதனைக்குப் போகும். முதல் தடவை எடுத்தது வீணாகப் போய்விட்டது என்பதால் இரண்டாவது எடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பூதக்கண்ணாடியில் பார்க்கிற அந்த டாக்டரின் கைக்கு இரண்டே பொருள்தான் வருகிறது. ஒன்று கண்ணாடிச் சில்லு. இன்னொன்று ஒரு படிவம். அந்தப் படிவத்தில் உங்கள் வயது, எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை நாளாக இருக்கிறது, தோல் டாக்டர் எதைச் சந்தேகப்படுகிறார் என்று சில வரிகள் இருக்கும். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். உங்கள் எழுபது வருட உடம்பு அவருக்கு நாலு வரி.

அந்த நாலு வரி எங்கிருந்து வருகிறது? உங்கள் வாயிலிருந்து. நீங்கள் சொன்னதை நான் மலாயில் சொல்கிறேன், டாக்டர் எழுதுகிறார். நீங்கள் சொல்லாமல் விட்டது அங்கே போகாது.

உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்குப் படை. கடையில் விற்கிற களிம்பு ஒன்றை மூன்று மாதம் பூசியிருக்கிறார். டாக்டர் கேட்டபோது, "ஒன்னும் போடலே டாக்டர்" என்கிறார். திட்டுவாரோ என்ற பயம். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். படையின் உருவமே மாறிவிடும். வெளியே பார்க்கிற டாக்டருக்கும் குழப்பம், கண்ணாடியில் பார்க்கிற டாக்டருக்கும் குழப்பம். "ஸ்டீராய்டு பூசியிருக்கிறார்" என்று படிவத்தில் ஒரு வார்த்தை இருந்திருந்தால் பூஞ்சைக்கான சாயத்தை அவர் முதலிலேயே போட்டுப் பார்த்திருப்பார். சுகாதார அமைச்சின் கீழ் உள்ள என்.பி.ஆர்.ஏ., முகம் வெளுக்கப் பூசும் கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் சொல்லாமல் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து அடிக்கடி எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆகவே பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த டியூபையே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து எண்ணெயாக இருந்தால் அந்தப் புட்டியையும் கொண்டுவாருங்கள். எந்த டாக்டரும் அதற்காகத் திட்டக்கூடாது. திட்டினால் நான் அதை மொழிபெயர்க்க மாட்டேன்.

தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பால் உறைய வைக்கும் எசிட்டில் கை வைத்தவர், வருடக்கணக்கில் முதுகில் தோம்பு சுமந்து புல் மருந்து அடித்தவர், வெயிலில் நின்றவர் என்று எல்லாம் தோலில்தான் எழுதியிருக்கும். முப்பது வருடத்துக்கு முந்திய கதை எதற்கு என்று நீங்களே தணிக்கை செய்துவிடாதீர்கள்.

அடுத்தது, திரும்பி வருகிற தாள். இதில்தான் மொழி படித்தவளுக்கு வேலை அதிகம். நோயியல் அறிக்கையை எங்களைப் போன்றவர்கள் வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படும். அந்த டாக்டர்கள் வார்த்தையை அளந்து எழுதுவார்கள். "இது இந்த நோய்தான்" என்று சில அறிக்கைகள் சொல்லும். "இந்த நோயோடு ஒத்துப்போகிறது" என்று சில சொல்லும். "இந்த நோயாக இருக்கலாம்" என்று இன்னும் சில. மூன்றும் வேறு வேறு. ஆனால் கிளினிக் அறையில் நேரம் குறைவு. மூன்றும் சுருங்கி, "உங்களுக்கு இந்த நோய்" என்று ஒரே வாக்கியமாக உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. அதனால், "டாக்டர், இது உறுதியா, சந்தேகமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

அறிக்கையின் கடைசியில் பல நேரம் ஒரு வரி இருக்கும். நோயாளியின் உடல்நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யவும் என்பது அதன் பொருள். பழக்கத்தில் எழுதும் வரி என்று சிலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோலில் பல நோய்கள் கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சோரியாசிஸும் நாள்பட்ட கரப்பானும் சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும். அப்போது, "நான் பார்த்தது இவ்வளவு, மீதியை அந்த மனிதரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் எழுதுகிறார். நீங்கள் அவரைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். அந்த ஒரு வரியில் அவரும் உங்களைத்தான் தேடுகிறார். இடையில் நிற்பவர் தோல் டாக்டர். பெரிய மருத்துவமனைகளில் இரண்டு துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து கண்ணாடிச் சில்லையும் நோயாளியின் படத்தையும் ஒன்றாகப் பார்த்துப் பேசுகிற கூட்டம் நடப்பதும் இதற்காகத்தான். உடம்பைப் படம் எடுக்க அனுமதி கேட்டார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம். விருப்பமில்லை என்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது தினமும் நடக்கிறது. "நெகாத்திப்" என்று டாக்டர் சொன்னதும் ஒரு பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார். நெகட்டிவ் என்றால் கெட்டது, பாசிட்டிவ் என்றால் நல்லது என்றுதானே நாம் பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் தலைகீழ். தேடிய நோய் இல்லை என்பதுதான் நெகாத்திப். அதுபோல "கெதும்புஹான்" என்றால் வளர்ச்சி, கட்டி என்றுதான் பொருள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. "பாரா" என்றால் புற்றுநோய். எது என்று புரியாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் அவர் வேறு ஒன்று சொல்வார்.

நம் பெரியவர்கள் சதை எடுக்கப் பயப்படுவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்ட காலம் அது. 1930இல் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பைத் திறந்தார்கள். அந்தக் காலச் சட்டப்படி நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தார்கள். பிள்ளையைப் பிரிந்த தாய், கணவனைப் பிரிந்த மனைவி என்று நம் ஆட்கள் பலர் அங்கே இருந்தார்கள். இப்போது நாம் அங்கே பூச்செடி வாங்கப் போகிறோம்.

ஆனால் அந்த இடத்தின் இன்னொரு கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. தொழுநோய்க்கு அப்போது டாப்சோன் என்ற ஒரே மாத்திரையைத்தான் வருடக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். சிலருக்கு அது கேட்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நோயாளி மேல் சந்தேகப்படுவது சுலபம். சுங்கை பூலோவில் இருந்த டாக்டர் பெட்டிட் அந்த நோயாளிகளின் தோலிலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்தார். லண்டனில் டாக்டர் ரீஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமிகளை எலியின் பாதத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். டாப்சோன் கொடுத்தும் கிருமி சாகவில்லை. கிருமி மருந்துக்கு மசியாமல் மாறிவிட்டது என்பதை 1964இல் உலகத்துக்கு முதன்முதலில் நிரூபித்தது அந்தத் தோல் துண்டுகள்தான். நோயாளி மேல் குற்றமில்லை என்றும் அது சொல்லிவிட்டது. ரிஃபாம்பிசின் என்ற மருந்தைத் தொழுநோய்க்குச் சோதித்த தொடக்க ஆய்வுகளும் அதே சுங்கை பூலோவில் நடந்தன. ஒரு மருந்து போதாது, சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 1981இல் உலக சுகாதார நிறுவனம் முடிவு செய்தது. இன்றைக்குத் தொழுநோய் வந்தால் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. வீட்டிலேயே இருக்கலாம். யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள். தோல் துண்டு கொடுத்த அந்த நோயாளிகளின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. ரீஸ், பெட்டிட் பெயர்கள்தான் இருக்கின்றன.

கிருமியைக் கண்டுபிடித்த கதையில் ஒரு கறையும் உண்டு. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873இல் பூதக்கண்ணாடி வழியாகத் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். பெரிய சாதனை. 1879இல் அவர் ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவர் சம்மதம் இல்லாமல், சோதனைக்காகக் கிருமியை ஏற்றினார். வழக்கு நடந்தது. 1880இல் மருத்துவமனைப் பதவியை இழந்தார். இன்றைக்கு உங்கள் தோலைத் தொடுவதற்கு முன் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன. அதனால் கையெழுத்து போடும்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பெருவிரல் ரேகை வைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். அந்த டாக்டரைப் பார்க்க முடியுமா?

சில நாடுகளில் முடிகிறது. அமெரிக்காவில் லோவல் என்ற ஊரின் பொது மருத்துவமனையில் டாக்டர் லீஜா ஜோசப் என்ற நோயியல் நிபுணர், விரும்புகிற நோயாளிகளைத் தன் அறைக்கு அழைத்து, அவர்களுடைய கண்ணாடிச் சில்லையே காட்டி விளக்கி வந்திருக்கிறார். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் புற்றுநோயாளிகளிடமே, "உங்கள் நோயியல் டாக்டரைச் சந்திக்க ஆசையா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆம் என்றார்கள். என் உடம்பில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாருக்கும் அந்த ஆசை இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்தால் பயம் அதிகமாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான். அப்படிச் சந்திக்கும்போது அந்த டாக்டர் நோய் என்ன, எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வார். என்ன மருந்து, அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் சிகிச்சை டாக்டரிடம்தான்.

நம் அரசாங்க மருத்துவமனைகளில் இது வழக்கமான சேவை இல்லை. நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது. ஆனால் கேட்பதற்குத் தடை இல்லை. கேட்க வேண்டிய ஆள் உங்கள் தோல் நிபுணர். "போலே சாயா ஜும்பா பக்கார் பாத்தோலொகி?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்ததைக் கேளுங்கள். "போலே தெராங்கான் கெபுத்துசான் பியோப்சி சாயா?" என் சோதனை முடிவை விளக்க முடியுமா என்று அர்த்தம். இதற்கு முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "போலே பகி சாலினான் லாப்போரான்?" என்றால் அறிக்கையின் நகல் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். மருத்துவ அறிக்கையாக வேண்டும் என்றால் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் விண்ணப்பம் செய்யலாம். அதற்குக் கட்டணமும் சில நாள் காத்திருப்பும் உண்டு. முடிவில் சந்தேகம் இருந்தால், அதே கண்ணாடிச் சில்லை வேறொரு நோயியல் நிபுணர் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். மெழுகில் பதித்த துண்டை ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மறுபடி உடம்பில் வெட்ட வேண்டியிருக்காது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சிலர் கூட்டி வந்திருக்கிறீர்கள், நல்லது. அறைக்கு வெளியே என் கையைப் பிடித்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க மேடம், தாங்க மாட்டாங்க" என்று கேட்பீர்கள். அன்பில்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போனதும் அம்மா என் முகத்தைத்தான் பார்க்கிறார். ரெண்டு நிமிடம் டாக்டர் பேசியதை நான் அரை வரியில் சொன்னால் அவருக்குப் புரியாதா? நாற்பது வருடம் கிராணியின் முகத்தைப் பார்த்தே அன்றைய கூலியைக் கணக்குப் போட்டவர் அவர். எதுவரை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். சிலர், "முடிவை மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அது அவர் முடிவு.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்று இருக்கிறது. சதை எடுத்த பிறகு முடிவு வாங்க வராமல் இருந்துவிடுகிறார்கள். தையல் பிரிக்கப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார்கள். புண் ஆறிவிடும், அதோடு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். இங்கிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மகனுக்கு வேலை, கொமுட்டரில் தனியாகப் போகப் பயம், மழை, கால் வலி. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே ஒரு டாக்டர் உங்கள் தோலைப் பார்த்து, பெயர் எழுதி, கையெழுத்து போட்டு வைத்திருக்கிறார். தோலில் வருகிற புற்றுநோய்களில் சில மிக மெதுவாக வளரும், முழுசாக எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும். சில அப்படிக் காத்திருக்காது. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆனால் மிக ஆபத்தான வகை வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ கறுப்புப் புள்ளியாக வருகிறது. பழைய முள் குத்து, செருப்புக் கடி என்று நினைத்துவிடுவார்கள். சர்க்கரை நோய்க்குக் காலைப் பார்க்கச் சொல்கிறார்கள் அல்லவா? அப்போது உள்ளங்காலையும் நகத்தையும் சேர்த்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வாங்கும் தேதிக்குப் போக முடியவில்லை என்றால் அட்டையில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு வேறு தேதி கேளுங்கள். அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்லுமாறு உங்கள் சுகாதார கிளினிக்கிலும் விசாரிக்கலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். எல்லா மருத்துவமனையிலும் என்னைப் போல ஒருவர் இருக்க மாட்டார், ஆனால் முன்னாலேயே தெரிந்தால் தமிழ் தெரிந்த மிஸ்ஸியையாவது ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். மகனோ மகளோ கூட வந்தால், டாக்டர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பையில் அட்டையும் தாளும் வைத்திருப்பவர்கள் கதவுப் பக்கம் உள்ள மேசைக்கு வாருங்கள். பன்னிரண்டரை வரை நான் இருக்கிறேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை மலாயில் எழுதியும் தருகிறேன். களிம்பு டியூப் கொண்டுவந்தவர்கள் அதை மிஸ்ஸியிடம் காட்டுங்கள்.